பத்தொன்பதாம் பக்கத்தில் நிற்பவர்கள்

1.

இந்தக் கதை எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் கிடைத்தது. கண் பரிசோதனை நாற்காலியில், கனமான இரும்புச் சட்டத்தை மூக்கில் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தபோது கடைக்காரர் சொன்னார். பேசினால் சட்டம் சரியும் என்பதால் எதிர்க்கேள்வி கேட்க எனக்கு அனுமதியில்லை. ஆகவே விடுபட்ட இடங்களை நானே நிரப்பியிருக்கிறேன்.

முதல் தொடக்கம்: ‘மனிதன் தன்னை அறிய முற்பட்ட நாள்முதல்…’ அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கும் எதையும் நான் இரண்டாம் வரிக்கு மேல் படித்ததில்லை.

இரண்டாம் தொடக்கம்: ‘சனிக்கிழமை மாலை. மழை.’ மழையைப் பற்றிக் கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அதுவும் போயிற்று.

2.

சலவைக் கடைக்கு மேலே ஓர் அறை. சனிக்கிழமைதோறும் அங்கே மூன்று பேர்: கதை சொன்ன அதே கண்ணாடிக்காரர், ஒரு பல் டாக்டர், ஜெர்மன் கற்றுக்கொடுத்து ஓய்வுபெற்ற ஒரு டீச்சர். நடுவில் தலையணை கனத்தில் ஒரு ஜெர்மன் தத்துவப் புத்தகம். டீச்சர் ஒரு வாக்கியத்தைப் படித்துத் தமிழில் சொல்வார். மற்ற இருவரும் அதைச் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொன்னால்தான் அடுத்த வாக்கியம்.

[இங்கே கருத்துமுதல்வாதத்தை விளக்கி ஒரு பத்தி இருந்தது. உலகம் முதலா, அதை அறிகிற மனம் முதலா என்று. திரும்பப் படித்தபோது எனக்கே விளங்கவில்லை. எடுத்துவிட்டேன்.]

இன்னொரு விதியும் உண்டு. புதிதாக யார் வந்து சேர்ந்தாலும் முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் புதியவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். முதல் பக்கத்திலேயே கொட்டாவி விட்டார்கள். பிறகு ஆளையே காணோம். பல வருஷமாகியும் இந்த மூன்று பேரும் பத்தொன்பதாம் பக்கத்தைத் தாண்டவில்லை.

அந்தப் பக்கம் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுகிறது: ‘ஒருவன் தன்னை நான் என்று அறிய வேண்டுமானால், அவன் எதிரே…’ மீதி இருபதாம் பக்கத்தில். கண்ணாடிக்காரர் எத்தனையோ முறை தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டார். ஜெர்மன் தெரியாதவருக்கு அது எறும்பு ஊர்வலம். டீச்சரைக் கேட்டால், “முறையா வருவோம், என்ன அவசரம்?” என்பார்.

3.

கண்ணாடிக்காரரின் மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர்.

“அப்படி என்னதான் இருக்கு அந்தப் புத்தகத்துல?”

“உனக்குப் புரியாது.”

“உங்களுக்குப் புரிஞ்சுதா?”

“புரிஞ்சுக்கத்தானே போறேன். ‘நான்’ங்கிறது என்னன்னு தேடறோம்.”

“நான் தினமும் ஜனங்களை உள்ளே பார்க்கிறேன். எலும்பு இருக்கு, சளி இருக்கு. ஒரு தடவை முழுங்கின பொத்தான்கூட இருந்துது. நீங்க தேடற ஆளை மட்டும் காணோம்.”

[இந்த மனைவிமேல் எனக்குச் சந்தேகம். கடைக்காரர் சொன்னதைவிட நன்றாகப் பேசுகிறார். பேச்சைக் குறைத்துப் பார்த்தேன். கதை படுத்துவிட்டது. திரும்பச் சேர்த்துவிட்டேன்.]

4.

டீச்சர் தன் மகளோடு இருக்க வேறு நாட்டுக்குக் கிளம்புகிறார். இதுதான் கடைசிச் சனிக்கிழமை. பத்தொன்பதாம் பக்கத்தை டாக்டர் திக்கித் திணறி ஒப்பித்து முடித்தார். டீச்சர் தாளின் மூலையில் விரலை வைத்தார். கதவு தட்டப்பட்டது.

“சலவைக் கடை கீழேன்னு சொல்லி அனுப்புங்க டாக்டர்” என்றார் கண்ணாடிக்காரர்.

வந்தது அவர் மனைவி. ஆஸ்பத்திரிச் சீருடைகூட மாற்றவில்லை.

“நானும் கேட்கலாமா டீச்சர்?”

“இன்னிக்குப் பார்த்தா வரணும்?” என்றார் கணவர்.

“இன்னிக்குத்தான் கடைசின்னு நீங்கதானே சொன்னீங்க.”

“ஒரே ஒரு பக்கம். முடிச்சுட்டு வீட்டுல வந்து சொல்றேன்.”

“என்ன சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும். உனக்குப் புரியாதும்பீங்க.”

டாக்டர் விட்டத்தைப் பார்த்தார். டீச்சர் புத்தகத்தை மூடி, மேஜைமேல் கண்ணாடிக்காரர் பக்கமாகத் தள்ளினார்.

“விதி போட்டதும் நான், விட்டுட்டுப் போறதும் நான். நீங்க எந்தப் பக்கத்தைத் திறக்கறீங்களோ, அங்கேருந்து படிக்கிறேன்.”

[அந்த அரைகுறை வாக்கியமும், எதிரே வந்து நிற்கும் மனைவியும். நீங்கள் கவனித்திருப்பீர்கள். கண்ணாடிக்காரர் கவனிக்கவில்லை. சட்டையைப் பிடித்து உலுக்கலாம்போல இருந்தது. எழுதுகிறவனுக்கு அந்த வசதி இல்லை.]

5.

இந்த இடத்தில் கடைக்காரர் பேச்சை நிறுத்திவிட்டுச் சட்டத்தில் கண்ணாடி மாற்ற ஆரம்பித்தார். “அப்புறம்?” என்றேன். “பேசாதீங்க, சரியுது” என்றார். அவ்வளவுதான். மனிதர் அதற்கு மேல் அந்தக் கதையைத் தொடவில்லை.

ஆகவே முடிவுகளை நானே மாட்டிப் பார்க்கிறேன். முதல் கண்ணாடி: அவர் இருபதாம் பக்கத்தைத் திறக்கிறார். டீச்சர் வாக்கியத்தை முடிக்கிறார். அதைச் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்ல அவர் நிமிர்கிறார். படியில் செருப்புச் சத்தம் இறங்கிப் போய்க்கொண்டிருக்கிறது.

இரண்டாவது: முதல் பக்கத்தைத் திறக்கிறார். மனைவி முதல் வாக்கியத்தைத் தன் வார்த்தையில் சொல்கிறார், கொஞ்சம் தப்பாக. மற்ற மூவரும் திருத்துகிறார்கள். வாக்கியத்தின் மீதிப் பாதி டீச்சரோடு விமானம் ஏறிவிடுகிறது.

மூன்றாவதாக டாக்டர் எழுந்து… இல்லை, டாக்டர் உட்காரட்டும்.

கண்ணாடி மாற்றும்போது அவர் ஒன்று சொன்னார்: “இது தெளிவா, அது தெளிவான்னு கேட்டா, பாதிப் பேரு ரெண்டும் ஒண்ணுதாம்பாங்க. நாற்காலியை விட்டு எழுந்தாப் போதும்னு. அப்புறம் என் கடை வாசப்படியிலேயே தடுக்கி விழுவாங்க.”

சட்டம் இப்போது உங்கள் மூக்கில் இருக்கிறது. இது தெளிவாக இருக்கிறதா, அதுவா? எது வேண்டுமானாலும் சொல்லுங்கள். ரெண்டும் ஒண்ணுதான் என்று சொல்லிவிட்டு மட்டும் எழுந்திருக்காதீர்கள்.