பதினான்கு பேருக்கு இடம்

நாலாவது தலையணைக்கு உறை போடுவதற்கு முன்னால் பெரியவள் எழுந்து போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். இரண்டு வருடமாக இப்படி ஒரு பழக்கம். மூன்று தலையணை வரைக்கும் கை தன்பாட்டுக்கு ஓடும், நாலாவதில் நின்றுவிடும். யாராவது கேட்டால் சொல்வதற்கு முதுகுவலி என்று ஒரு பதில் வைத்திருந்தாள், ஆனால் கேட்பதற்குத்தான் வீட்டில் ஆள் இல்லை. இன்றைக்கு முதுகுவலிக்கும் நேரமில்லை. பத்து மணிக்கு அலைச்சறுக்குப் பயிற்சியாளர் தன் மாணவர்களைத் தங்கவைக்க வீடு பார்க்க வருகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் இந்த விடுமுறைக்குப் பதினான்கு பேர் வருவார்கள், இனி வரும் விடுமுறைக்கெல்லாமும் அவர்களே வருவார்கள். பிடிக்காவிட்டால் மகன் சொன்னபடி வீட்டை விற்றுவிட்டு நகரத்தில் அவனுடைய பதினோராவது மாடிக்குப் போய்ச் சேரவேண்டியதுதான். "அங்க உனக்கு என்னம்மா குறை? பால்கனில உக்காந்தா ஊரே தெரியும்" என்று போன வாரமும் சொன்னான். அந்தப் பால்கனியை அவள் பார்த்திருக்கிறாள். வாஷிங் மெஷின் போக மிச்சமிருக்கும் இடத்தில் ஒரு நாற்காலி போடலாம், உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும்.

வீடு என்று பேச்சுக்குத்தான் சொல்கிறோம். இருப்பது பாதி வீடு. ஏழு வருடத்துக்கு முன்னால் பெரியவளின் கணவரும் அவருடைய தம்பியும் பாகம் பிரித்தார்கள். கூடத்தின் நடுவில் ஒரு சுவர் எழும்பியது, முற்றத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு மதில் எழும்பியது. கடலைப் பார்த்த அறைகள் அண்ணனுக்கு, அதற்கு ஈடாக மொட்டை மாடி முழுவதும் தம்பிக்கு. எல்லாவற்றையும் அங்குலம் அங்குலமாக அளந்தவர்கள் ஒன்றை மட்டும் கோட்டை விட்டார்கள். மாடிக்குப் போகும் படிக்கட்டு அண்ணன் பக்கத்துக் கூடத்தில் இருந்தது. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு முடித்த பிறகுதான் இது யாருக்கோ உறைத்தது. பெரியவள் அந்த வாரமே கொத்தனாரைக் கூப்பிட்டுப் படியின் உச்சியிலிருந்த கதவைக் கழற்றிவிட்டுச் செங்கல் வைத்து அடைத்தாள். கடைசிக் கல்லை அவளே வாங்கி வைத்தாள், சாந்தும் அவளே பூசினாள். மறுநாள் சின்னவள், அதாவது தம்பியின் மனைவி, பின்பக்கம் ஓர் அலுமினிய ஏணியைச் சாத்தினாள். அண்ணன் தம்பி இருவரும் அதற்குப் பிறகும் மாலையில் துறைமுகத்து டீக்கடையில் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்தார்கள். சுவருக்கு இரண்டு பக்கமும் நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாழ்கிற வேலையை ஓரகத்திகளிடம் விட்டுவிட்டார்கள். அண்ணன் இறந்து நாலு வருடம் ஆகிறது. இரண்டு பக்கமும் விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு அறையை வாடகைக்கு விட்டுத்தான் பிழைப்பு.

பயிற்சியாளர் சொன்ன நேரத்துக்கு வந்தார். நெடுநெடுவென்று வளர்ந்த பெண், வெயிலில் மூக்கு நுனி உரிந்து சிவந்திருந்தது. கையில் ஒரு நோட்டு. வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, குழாயை எல்லாம் திறந்து பார்த்து, மெத்தையை அமுக்கிப் பார்த்து, ஜன்னலில் நின்று கடலை வெகுநேரம் பார்த்தார்.

"மூணு ஊர் பாத்தேம்மா," என்றார். "முதல் ஊர்ல அலை பிரமாதம், ஆனா கரையெல்லாம் பாறை. எங்ககிட்ட வர்றவங்க ஆபீஸ்ல உக்காந்து வேலை பாக்கறவங்க, விழுந்து விழுந்துதான் கத்துக்கணும், பாறை ஆகாது. ரெண்டாவது ஊர்ல மணல் நல்லாருக்கு. தங்கற இடத்துலேருந்து அலைக்கு மூணு கிலோமீட்டர், தினமும் போர்டத் தூக்கிட்டு நடக்கணும். இங்க ரெண்டு தொல்லையும் இல்ல. மேல மாடி இருக்குல்ல?"

பெரியவள் பதில் சொல்வதற்குள் அந்தப் பெண் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறிவிட்டார். வாளி, பழைய மின்விசிறி, சோப்புத்தூள் மூட்டை எல்லாவற்றையும் தாண்டி உச்சிக்குப் போய், செங்கல் சுவரைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"என்னம்மா, படி இருக்கு, மாடியக் காணோம்?"

"மாடி அந்தப் பக்கத்துக்குப் போயிடுச்சு."

பயிற்சியாளர் உச்சிப் படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். பெரியவளுக்குச் சுருக்கென்றது. சிரிக்கிறவர்கள் பாகம் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். சிரித்து முடித்ததும் அவர் விவரமாகச் சொன்னார்: காலையில் தண்ணீரில் இறங்கும் முன் உயரத்தில் நின்று அலை எங்கே உடைகிறது என்று பார்க்கவேண்டும், பார்க்காமல் புதியவர்களை இறக்க மாட்டார். பலகைகளைக் காயவைக்க இடம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கூடத்தில் பாய் போட்டுச் சமாளிக்கலாம் என்று பெரியவள் நினைத்திருந்தாலும், இந்தப் பாதியில் ஏழு பேர்தான் படுக்கலாம். "அந்தப் பக்கத்தையும் ஒரு பார்வை பாத்துட்டு வந்துடறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

பெரியவள் முற்றத்துக்கு வந்தாள். துவைத்த தலையணை உறைகள் கொடியில் தொங்கின. காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்க்கிற சாக்கில் மதிலோரம் நின்று காதைத் தீட்டிக்கொண்டாள். சின்னவளின் குரல் தேனாக ஒழுகியது. அந்தத் தேனில் ஒரு சொட்டுகூட இந்தப் பக்கம் வந்ததில்லை.

"அங்க ரூம்லாம் ஈரம் அடிக்கும் மேடம். மூட்டைப்பூச்சிகூட உண்டுன்னு பேசிக்கறாங்க. நமக்கு எதுக்கு ஊர் வம்பு."

பெரியவளுக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "மேடம், மூட்டைப்பூச்சி எந்தப் பக்கத்து மெத்தைலேருந்து கிளம்புச்சுன்னு அவங்களைக் கேளுங்க!"

மதிலுக்கு மேலே பயிற்சியாளரின் தலை தெரிந்தது. அந்த மதிலுக்கு மேல் தலை தெரிகிற உயரத்தில் இதுவரை யாரும் வந்து தங்கியதில்லை. "அவங்களுக்கே கேட்டுடுச்சும்மா. பக்கத்துலதான் நிக்கறாங்க."

"நீங்க கேளுங்க."

"மெத்தை போன வருஷம் மாத்துனதுன்னு சொல்லுங்க மேடம்" என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

அந்தப் பெண் இரண்டு பக்கமும் மாறிமாறிப் பார்த்தார். இரண்டு பக்கமும் தெரிகிற கண் அந்த முற்றத்தில் அது ஒன்றுதான். பிறகு பின்பக்கம் திரும்பியவர் ஏணியைப் பார்த்திருக்கவேண்டும். குரலில் இருந்த விளையாட்டு போய்விட்டது.

"இதுலயா மாடிக்குப் போறீங்க? எங்க ஆளுங்கள இதுல ஏத்த மாட்டேன். விழுந்து வச்சா யாரு பதில் சொல்றது?"

அந்தப் பக்கம் ஒரு பிரம்பு நாற்காலி கிரீச்சிட்டது. அது கொழுந்தனின் நாற்காலி. ஒரு காலத்தில் கப்பலில் உலகம் சுற்றிய ஆள், இப்போது நாற்காலியிலிருந்து கழிவறைக்குப் போகவே கைத்தடி வேண்டும். இடுப்பு எலும்பில் டாக்டர் வைத்த இரண்டு ஆணி.

"இதோ பாருங்க," என்றார் பயிற்சியாளர், இந்த முறை இருவருக்கும் பொதுவாக. "ரெண்டு பக்கமும் சேர்ந்தாத்தான் பதினாலு பேர் தங்க முடியும். படி உச்சில இருக்கற செங்கல எடுத்துட்டா மாடியும் கிடைச்சுடும். சரின்னு சொன்னீங்கன்னா இங்கயே முடிவு பண்ணிடறேன். இல்லன்னா பன்னண்டு மணிக்குள்ள ரெண்டாவது ஊர்க்காரருக்குப் போன் பண்ணணும், அவர் ரூம் பிடிச்சு வச்சிருக்கார்."

பெரியவள் கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையால் வைத்த கல், அவளே எடுக்கவேண்டும். கசந்தது, கண்டிப்பாகக் கசந்தது. கூடவே அந்தப் பதினோராவது மாடியும், முழங்கால் இடிக்கிற நாற்காலியும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. "எனக்கு ஆட்சேபணை இல்லன்னு சொல்லுங்க" என்றாள்.

அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. அதில் தேன் இல்லை.

"கல்ல எடுக்கலாம் மேடம். அதுக்கு முன்னாடி அவங்களை ஒண்ணு கேளுங்க. எங்க வீட்டுக்காரர் ஏணிலேருந்து விழுந்தாரே, அன்னைக்கு அவங்க எங்க இருந்தாங்க?"

இந்தக் கேள்விக்குப் பெரியவளிடம் இரண்டு வருடமாக ஒரு பதில் இருந்தது. ஊரில் எல்லோருக்கும் அதைத்தான் சொல்லியிருக்கிறாள், சொல்லிச் சொல்லி அதுவே நடந்ததுபோல ஆகிவிட்டது. "கடைக்குப் போயிருந்தேன்."

"அப்படீங்களா? கடைக்குப் போனவங்க வீட்டு ரேடியோவ யாரு அணைச்சது?"

பெரியவள் கொடியில் தொங்கிய ஓர் உறையை மறுகையால் நீவினாள்.

"கேளுங்க மேடம். நான் பேங்க்குக்குப் போயிருந்தேன். அவர் மாடில கொடி கட்டிட்டு எறங்கறப்ப விழுந்தார். எந்திரிக்க முடியல. 'அண்ணி, அண்ணி'ன்னு கூப்பிட்டிருக்கார். அதுவரைக்கும் அந்தப் பக்கம் ரேடியோ பாடிட்டிருந்துச்சாம். இவர் கூப்பிட்டதும் டக்குனு நின்னுச்சாம். ஆனா யாரும் வரல. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் பாத்துத்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனார். இதை இவர் எங்கிட்ட சொல்லவே ஒரு வருஷம் ஆச்சு. அதுவும் நான் குடைஞ்சு குடைஞ்சு கேட்டதால."

பயிற்சியாளர் நோட்டை மூடிவிட்டார். வீடு பார்க்க வந்த இடத்தில் இப்படி மாட்டிக்கொள்வோம் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். மதிலுக்கு மேலிருந்து தலையை எடுப்பதா வைத்திருப்பதா என்று தெரியாமல் நின்றார்.

கரண்ட் போயிருந்தது என்று சொல்லலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, நல்ல பொய், யாராலும் மறுக்க முடியாத பொய். வாயைத் திறந்தாள். எதிரே கொடியில் தலையணை உறைகள் காற்றில் உப்பி உப்பி அடங்கின.

அன்றைக்கும் இதே நேரம்தான். மதியம் தங்க ஆள் வருகிறது என்று அறையைத் தயார்செய்துகொண்டிருந்தாள். பொத்தென்று சத்தம் கேட்டது. பிறகு, அண்ணி. சரியாகக் கேட்கட்டும் என்றுதான் ரேடியோவை அணைத்தாள். மறுபடி, அண்ணி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளை அப்படிக் கூப்பிட்ட ஒரே ஆள், பாகம் பிரித்த பிறகு கூப்பிட்டதே இல்லை. அவள் கணவர் இறந்த மூன்றாம் நாள் அந்த மாடியில் வாடகைக்கு வந்தவர்கள் பாட்டுப் போட்டு ஆடினார்கள், அன்றைக்கு இதே கொழுந்தன் கீழே வாயை மூடிக்கொண்டுதான் இருந்தான். இப்போது மட்டும் அண்ணி. அந்த நேரத்தில் அவளுக்கு இரக்கம் வரவில்லை, இதுதான் உண்மை. கூப்பிடட்டும் என்றுதான் இருந்தது. கை தலையணையை எடுத்தது, உறையை உதறியது, மூலையில் விட்டு இழுத்தது. ஒன்று முடிந்ததும் அடுத்தது.

"நான்தான் அணைச்சேன்" என்றாள் பெரியவள்.

பயிற்சியாளர் அதை அந்தப் பக்கம் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"கேட்டுச்சா?" என்றாள் சின்னவள். இந்தத் தடவை மேடம் இல்லை, சொல்லுங்க இல்லை. ஏழு வருடத்தில் முதல்முறையாக நேராகக் கேட்டாள்.

"கேட்டுச்சு."

"என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"தலகாணிக்கு உறை போட்டுட்டிருந்தேன்."

"எத்தனை தலகாணி?"

பெரியவள் கொடிக்கயிற்றை விட்டாள். "நாலு," என்றாள். "நாலாவது போடறப்ப சத்தம் நின்னு போச்சு. செத்துட்டானோன்னு பயந்துட்டேன். அப்பவும் வரல."

அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது. கைத்தடி தரையில் ஒருமுறை தட்டியது, எழுந்து போகிற தட்டலா, வேண்டாம் விடு என்கிற தட்டலா என்று தெரியவில்லை. பயிற்சியாளரின் தலை மதிலுக்கு மேலிருந்து விலகிவிட்டது. பிறகு அலுமினியம் சிமெண்டில் உரசுகிற சத்தம், அது நகர்ந்து நகர்ந்து மதிலை நோக்கி வந்தது. யாரோ மூச்சுமுட்டத் தூக்கினார்கள். "மேடம், நீங்க தொடாதீங்க" என்றாள் சின்னவள்.

மதிலுக்கு மேல் ஏணியின் முனை தெரிந்தது. ஒரு நொடி அங்கேயே ஆடி நின்றது. அப்புறம் முழு ஏணியும் சரிந்து இந்தப் பக்கம் வந்து விழுந்தது, கொடிக்கயிற்றை அறுத்துக்கொண்டு, உறைகளை எல்லாம் அடியில் போட்டுக்கொண்டு. சத்தத்துக்குத் தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

பெரியவள் எகிறிக் குதித்து ஒதுங்கியிருந்தாள். அடி ஒன்றும் படவில்லை. வாய்க்குள் வந்த வசவை விழுங்கிக்கொண்டாள். மாடிக்கு ஏற அவர்களிடம் இனி எதுவும் இல்லை, படி உச்சியின் செங்கல்லை எடுத்தால்தான் வழி. தெருக் கதவருகே பயிற்சியாளர் போனைக் கையில் வைத்துக்கொண்டு, அழுத்தாமல் இவளைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

குனிந்து, ஏணிக்கு அடியிலிருந்து ஓர் உறையை இழுத்தாள். வரவில்லை, எதிலோ மாட்டியிருந்தது. கீழேயிருந்து மூன்றாவது படி நடுவில் உள்வாங்கி வளைந்திருந்தது, ஒரு மனிதனின் பாதம் கொள்கிற அளவுக்கு. இரண்டு வருடமாக அதில்தான் சின்னவள் ஏறி இறங்கியிருக்கிறாள். உறையின் ஓரம் அந்த வளைவில் சிக்கிக் காற்றில் உப்பி அடங்கிக்கொண்டிருந்தது.