சொல்லிக்கொள்ளாமல் போகிற வீடு

இந்த ஒரு வருஷத் துக்கம் எனக்கு என்ன கற்றுக்கொடுத்தது என்று வகுப்பில் பத்து நிமிஷம் பேச வேண்டுமாம். கேட்டது என் மாணவி வினோதா. வங்கியில் வேலை பார்க்கிறவள். எதையும் வருஷம் முடிந்ததும் கணக்கு முடித்தாக வேண்டும் அவளுக்கு. "நன்றியோட முடிங்க டீச்சர். எல்லா யோகா டீச்சரும் இப்ப அப்புடித்தான் பேசுறாங்க" என்றாள்.

சரி, நன்றி. முதலில் கேஸ் சிலிண்டருக்கு. என் கணவர் செம்பியன் இருந்தவரை அதை மாற்றத் தெரியாமல் இருந்தேன், இப்போது தெரியும். துக்கம் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே ஆசனம், குனிந்து சிலிண்டரை உருட்டுவது.

அடுத்து, துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு. முதல் நாள் நான் அழவில்லை. "யோகா டீச்சராச்சே, மனச எப்புடிக் கட்டி வச்சிருக்கு பாரு" என்று புகழ்ந்தார்கள். காரியத்தன்று வாய்விட்டு அழுதேன். "இத்தன வருஷம் மூச்சுப் பயிற்சி சொல்லிக் குடுத்து என்னா பிரயோசனம்?" என்றார்கள். புருஷனைப் பறிகொடுத்தவள் அழுதால் அதிலும் தொழில் சுத்தம் பார்க்கிறவர்கள் எங்கள் தலத்தெரு ஊர்க்காரர்கள்.

செம்பியன் ஒரு நாளும் என் வகுப்பில் உட்கார்ந்ததில்லை. சவாசனத்தை மட்டும் தானாகக் கற்றுக்கொண்டார். ஞாயிறு மதியம் மீன் குழம்புச் சோற்றுக்குப் பிறகு கூடத்தில் மல்லாந்து, குறட்டையோடு செய்வார். போன வருஷம் ஒரு காலை, நெடுங்காட்டு வயலுக்கு வாய்க்கால் தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்க்கக் கிளம்பினார். "வர்றேன் மதி" என்று வாசலில் சொன்னார். தினமும் சொல்வதுதான். வரப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவரைத் தூக்கித்தான் வந்தார்கள். வகுப்பு நடக்கும் கூடத்தில் யோகா பாய்களைச் சுருட்டி ஓரம் தள்ளிவிட்டு, நடுவில் தெற்கே தலைவைத்துக் கிடத்தினார்கள்.

சாவு வீட்டுக்கு வந்தவர்கள் கிளம்பும்போது சொல்லிக்கொள்ள மாட்டார்கள். 'போயிட்டு வர்றேன்' என்றால் அந்த வீட்டில் இன்னொரு சாவுக்கு வருவதாக ஆகிவிடுமாம். அன்றைக்கு ஊரே மரியாதையாகச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் நழுவியது, ஒருவரைத் தவிர. ஜெனேவியேவ் மதாமும் என் மாணவிதான். எழுபதைத் தாண்டியவர், கணவரோடு வெகுகாலம் பிரான்சில் இருந்துவிட்டு, அவர் போன பிறகு பென்ஷனோடு ஊர் திரும்பியவர். எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்து, கணீரென்று, "போயிட்டு வர்றேன் மதி. நாளைக்கும் வர்றேன்" என்றார்.

என் வகுப்பில் ஒரு நாளும் யாரும் அப்படி மூச்சடக்கியதில்லை. "பிரான்சுக்குப் போயிட்டா நம்ம மொறையெல்லாம் மறந்துடுமா?" என்று எதிர்வீட்டு சொர்ணாம்பாள் அக்கா அடுத்த தெருவுக்குக் கேட்கும்படி முணுமுணுத்தார். எனக்கும் கோபம்தான்.

மறுநாள் மதாம் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். வகுப்புதான் வரவில்லை. பிணம் கிடந்த கூடத்தில் பிணம்போல எப்படிப் படுப்பது என்று எல்லோருக்கும் யோசனை. சொர்ணாம்பாள் அக்காவை என் வகுப்புக்கு வரவைத்த மூட்டு வலி திடீரென்று குணமாகிவிட்டது. வினோதாவின் வங்கிக்கு வந்த ஆடிட் மாதக்கணக்கில் அங்கேயே தங்கிவிட்டது. காலையில் நான் எழுந்திருக்க இருந்த ஒரே காரணம் அந்த வகுப்பு. அது போய்விட்டால், இது செம்பியன் செத்த வீடு, அவ்வளவுதான்.

வருஷம் முழுக்க மதாம் ஒருவரே பாய் விரித்தார். முழங்கால் மடியாமல், தப்புத் தப்பாக, பிரெஞ்சில் எண்ணிக்கொண்டு. செம்பியனைக் கிடத்திய இடத்திலேயே சவாசனத்துக்குப் படுப்பார். நான் சுவரோரம் உட்கார்ந்திருப்பேன். கிளம்பும்போதெல்லாம் "வர்றேன் மதி" என்பார். அப்படிச் சொல்லிவிட்டுப் போன என் புருஷன் வரவில்லை. சொல்லக் கூடாத இடத்தில் சொன்னவர் வந்துகொண்டே இருந்தார். வினோதா கேட்ட நன்றியில் இதை எங்கே வைப்பது?

போன வாரம் முதல் திவசம் கொடுத்தோம். வருஷம் திரும்பியதும் மூட்டு வலியும் திரும்பிவிட்டது, ஆடிட்டும் முடிந்துவிட்டது. இன்று காலை கூடம் நிறையப் பாய்கள். மதாமுக்கு மட்டும் இது கடைசி வகுப்பு. பிரான்சில் இருக்கும் மகள் விர்ஜினி டிக்கெட் போட்டுவிட்டாள்; சாயங்காலம் சென்னைக்குக் கார். இந்த வயதில் போகிறவர் திரும்புவாரா என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

வினோதா என் உரையைத் தொடங்கிவைக்கத் தொண்டையைச் செருமினாள். "மொதல்ல சவாசனம்" என்றேன். ஒருவரும் படுக்கவில்லை. நடுக்கூடத்தைக் காலியாக விட்டுவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மதாம் வழக்கம்போல அங்கே வரப் பார்த்தார். நான் முந்திக்கொண்டு அந்த இடத்தில் படுத்தேன். தரை சில்லென்று இருந்தது. மூச்சைக் கவனியுங்கள், தோளைத் தளர்த்துங்கள் என்று சொல்ல வேண்டிய நான் விம்மி விம்மி அழுதேன். கண்ணீர் காதுக்குள் இறங்கியது. செம்பியன் இல்லாதது அவ்வளவு வலித்தது. பத்து நிமிஷ உரை அதோடு முடிந்தது.

கண்ணைத் திறந்தபோது எல்லோரும் படுத்திருந்தார்கள். சொர்ணாம்பாள் அக்கா குறட்டையே விட்டார். அந்தக் கூடத்தில் அந்தச் சத்தம் கேட்டு ஒரு வருஷமாகிறது.

கிளம்பும்போது "நாளைக்கு வர்றேன் டீச்சர்" என்றாள் வினோதா. "வர்றேம்மா" என்றார் அக்கா. மதாமைத் தேடினேன். வாசலில் அவர் செருப்பு இல்லை. தெருவுக்கு ஓடினேன். பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திருப்பத்துக்கே போய்விட்டார்.

"மதாம்! சொல்லாம போறீங்களே?"

அவர் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. "சொர்ணாம்பா இன்னைக்குத்தான் வெவரமா சொன்னா. சாவு வீட்டுல சொல்லக் கூடாதாமே? எனக்குத் தெரியாது மதி. வருஷம் பூரா சொல்லிட்டேன். பர்தோன், மன்னிச்சுக்க."

ஒரு வருஷம் ஊரே சேர்ந்து சொல்லிக்கொடுத்த பாடத்தை, பாவம், கடைசி நாளில் கற்றுக்கொண்டிருக்கிறார்.

"எது சாவு வீடு? அது நான் கிளாஸ் எடுக்குற வீடு. சொல்லிட்டுப் போங்க" என்றேன்.

அவர் பாயைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போயிட்டு வர்றேன் மதி."

"வாங்க" என்றேன்.