எழுந்து நிற்க ஓர் ஆள்

எங்கள் தீவுக்குப் பிரசவ அவசரத்துக்கென்று ஒரு மோட்டார் படகு வேண்டும். அந்தத் தீர்மானத்தைக் கொண்டுபோனவர் எங்கள் பாராளுமன்ற உறுப்பினர், என் மாமா கைடிரா. தோற்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

"நான் கத்துன கத்துல தொண்டையே கட்டிப்போச்சு. என்ன பண்றது, 'இல்லை'ங்கிற சத்தம்தான் பெரிசா இருந்துச்சு" என்றார், ஊர்க்கூடமான மனேயபாவின் கூரைக்குக் கீழ் கூடியிருந்த ஊரிடம். நம்பினோம். நண்டு சமைத்துப் போட்டோம். என் தங்கை தாங்கிரியாவைப் புதைத்த மண்கூடக் காயவில்லை அப்போது. வலி வந்தவளைத் துடுப்புப் போட்டுத்தான் கொண்டுபோயிருந்தோம்.

பிறகு தலைநகர் தராவாவில் பெண்களுக்கு ஒருநாள் ஒத்திகைப் பாராளுமன்றம் நடத்தினார்கள். நிஜ மன்றம், நிஜ நாற்காலி. எனக்கும் ஓர் இடம் கிடைத்தது. அதே படகைத்தான் கேட்டேன். எதிர்வரிசைப் பெண்கள் சிரித்துக்கொண்டே "இல்லை" என்று கூவினார்கள். தோற்றது.

"யாரு வேணாம்னு சொன்னான்னே தெரியலையே, இது என்ன கூத்து?" என்றேன். எங்கள் மனேயபாவில் யார் வாய் எதற்குத் திறந்தது என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்.

அங்கே வேலை பார்க்கும் போரேட்டா சொன்னாள்: "பேர் பேரா எண்ணுங்கன்னு கேக்கலாம்க்கா. ஒரே ஒரு உறுப்பினர் எழுந்து நின்னா போதும். அப்புறம் ஒவ்வொருத்தரும் பதில் சொல்லியாகணும். பதிவாயிரும்."

"போன தடவை, எங்க மாமா இதைக் கொண்டுவந்தப்போ, யாராச்சும் நின்னாங்களா?"

"யாரும் நிக்கலக்கா."



வேடிக்கை பார்க்க வந்திருந்த மாமா, தேநீர் வேளையில் முதுகில் தட்டினார். "நல்லா நடிச்சடி, ரெரேவா."

"உங்க அளவுக்கு வராது மாமா. உங்க தீர்மானத்துக்கு நீங்களே ஏன் எழுந்து நிக்கல? கால் இல்லையா?"

"கட்சி விவகாரம், உனக்குப் புரியாது. அமைச்சரைச் சங்கடப்படுத்தக் கூடாது. டீ ஆறுது, குடி."

"நீங்களே குடிங்க. அடுத்த கூட்டத்துல திரும்பக் கொண்டு வாங்க. இல்லைன்னா மனேயபாவுல நான் எழுந்திரிச்சு, நீங்க நிக்காததைச் சொல்லிருவேன்."

"பொம்பளை எழுந்திரிச்சா ஊர் பெரியவங்க விடுவாங்களா?"

"அதையும் பாத்துரலாம்."

கொண்டுவந்தார். நான் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். குரல் வாக்கு நடந்தது. 'இல்லை' என்ற குரலே பெரிது என்றார் சபாநாயகர். மாமா குனிந்து காகிதங்களை அடுக்கத் தொடங்கினார். பாவி மனுஷன், மறுபடியும் அதே வேலை! நான் எழுந்து நின்றேன்.

காவலாளி ஓடி வந்தான். "அக்கா, உக்காருங்க. இங்க எழுந்து நிக்கக் கூடாது."

"தெரியும் தம்பி. நிக்க வேண்டியவர் கீழ இருக்காரு. அவர் எழுந்திரிச்சா நான் உக்காந்துக்கிறேன்."

அவன் கையைப் பிடித்து இழுத்தான். நான் கைப்பிடிக் கம்பியை விடவில்லை. ஒவ்வொரு தலையாக மேலே நிமிர்ந்தது. கடைசியாக மாமாவும் நிமிர்ந்தார். என்னையே பார்த்தார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

"பேர் சொல்லி எண்ணணும், சபாநாயகர் அவர்களே." இந்த முறை அவருக்கு நிஜமாகவே தொண்டை கட்டியிருந்தது.

நான் உட்கார்ந்தேன். முதல் பெயரைக் கூப்பிட்டார்கள்.