கமடோரின் பெப்பர்மிண்ட் டப்பா

மெர்வின் பாஸ்கோவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அவர் எங்கள் பாய்மரப் படகுக் கிளப்பின் கமடோர், அதாவது தலைவர். பொன்னிறப் பொத்தான் வைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு, “எனக்கா? வாந்தியா? என் ரத்தமே உப்புத் தண்ணிதான்யா” என்று புதிதாய்ச் சேருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார். உண்மை தெரிந்தவள் மனைவி எடித் மட்டும்தான் என்பது அவர் நம்பிக்கை. அவளும் போன வருஷம் இறந்துபோய்விட்டாள். பிறகு அவருக்கு மிஞ்சியது கமடோர் பதவிதான்.

நவம்பரில் படகு அணிவகுப்பு. நங்கூரமிட்ட படகில் கமடோர் விறைப்பாக நிற்பார். மற்ற படகுகள் கொடி தாழ்த்திக் கடந்து போகும். ஓடுகிற படகைவிட நிற்கிற படகுதான் வயிற்றை அதிகம் புரட்டும். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டு தெளிவாகவே சொன்னது: தூக்கம் வரும், வண்டி ஓட்டக்கூடாது, மதுவோடு கூடாது. ஆனால் அந்தப் பெட்டி யார் கண்ணிலாவது பட்டுவிட்டால்? மாத்திரைகளைப் பிதுக்கியெடுத்து ஒரு பெப்பர்மிண்ட் டப்பாவில் போட்டுக்கொண்டார். காலையில் ஒன்றை விழுங்கினார். மானம் தப்பியது.

படகுகளை ஆசீர்வதிக்க வந்த பிஷப் டென்ஹோம் படகில் கமடோர் பக்கத்திலேயே நின்றார். கரைக்குத் திரும்பியதும் விருந்து. கமடோர் கடலைப் பற்றிய தம் வருடாந்திர உரையைத் தொடங்கினார். முன்வரிசையில், கையில் ஷெர்ரி ஒயினோடு இருந்த பிஷப்பின் தலை தொங்கியது. அந்த உரைக்குத் தூங்குவது வழக்கம்தான் என்பதால் யாரும் கவலைப்படவில்லை. பிறகு அவர் திடுக்கிட்டு விழித்து, கார் சாவியோடு எழுந்தார்.

“மன்னிக்கணும், மெர்வின். மலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு பிரார்த்தனை இருக்கு. ஆனா உம்ம பெப்பர்மிண்ட் ரொம்ப மோசம்யா. படகுல உம்ம டப்பாவுலேருந்து ரெண்டு எடுத்துப் போட்டேன், ஒரே கசப்பு.”

எங்கள் கிளப் வரலாற்றில் முதல் முறையாக ஒரு கமடோர் உரையைப் பாதியில் நிறுத்தினார். வாயை மூடிக்கொண்டால் பேர் பிழைக்கும். மலைப்பாதை வளைவில் பிஷப் பிழைப்பாரா?

“சாவியக் கொடுங்க பிஷப். அது பெப்பர்மிண்ட் இல்ல. வாந்தி மாத்திரை. என்னோடது.”

செயலாளர் நெரிடாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“அப்பாடா, சொல்லிட்டீங்களா! படகோட பின்பக்கம் குனிஞ்சுக்கிட்டு நீங்க என்ன மீனா தேடுறீங்க? எங்க எல்லாருக்கும் தெரியும் மெர்வ்.”

“தெரிஞ்சுமா சொல்லல?”

“எடித்துதான் கேட்டுக்கிட்டாங்க. ‘அவருக்குத் தெரியவேணாம், ஒடஞ்சு போயிடுவார்’னு.”

சிரிப்பு எழுந்தது. பகையில்லாத சிரிப்புதான், அதனால்தான் அவரால் தாங்க முடியவில்லை.

நெரிடா மருந்துக்கடைக்குப் போன் போட்டாள். பிஷப் வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார்கள். ரத்த அழுத்தத்துக்கும் சாப்பிடுகிறார் என்றதும், ஷெர்ரியை வாங்கி வையுங்கள், தனியாக விடாதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள் என்றார்கள். ஒருவர் தோளைப் பிடித்தார், ஒருவர் கதவைத் திறந்தார், ஒருத்தி தலையணை எடுத்துக்கொண்டு ஓடினாள். நாங்கள் எல்லோருமே பிஷப்பின் பின்னால் போய்விட்டோம்.

கமடோர் தம் கார் வரைக்கும் நடந்தார். தானும் ஒன்று விழுங்கியிருப்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உமக்கு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்டிருக்கவில்லை. எடித் இருந்தவரை அணிவகுப்பு முடிந்தால் அவள்தான் ஓட்டுவாள்.

இடப்பக்கக் கதவைத் திறந்து அவள் பக்கத்தில் உட்காருவதுபோல் உட்கார்ந்தார். யாராவது திரும்பி வந்தால் கேட்பதற்கு ஒரு வாக்கியத்தை மெல்லச் சொல்லிப்பார்த்தார்:

“என்னயக் கொஞ்சம் வீட்டுல விட்டுடுறியா?”

சரியாக வரவில்லை. மறுபடி சொல்லிப்பார்த்தார்.