பின்னால் விழுந்த புளியங்கொட்டைகள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இது கதையாகப் பிறக்கவில்லை. எங்கள் வாசிகசாலையின் பொங்கல் மலருக்கு 'பல்லாங்குழியில் வெல்வது எப்படி' என்று ஒரு கட்டுரை கேட்டார்கள். என் மனைவி கிருஷாந்தியிடம் நான் ஓர் ஆட்டம்கூட ஜெயித்ததில்லை என்பது கேட்டவர்களுக்குத் தெரியாது. தோற்பவனுக்குத்தான் தந்திரமெல்லாம் மனப்பாடமாக இருக்கும். சந்தோஷமாக எழுத உட்கார்ந்தேன்.

[பல்லாங்குழி தமிழரின் தொன்மை வாய்ந்த... வெட்டிவிட்டேன். எல்லா மலரிலும் எல்லாக் கட்டுரையும் இப்படித்தான் தொடங்குகிறது.]

2

முதல் தந்திரம். நிறைந்த குழியைப் பார்த்து வாயைப் பிளக்காதீர்கள், அதற்கு முன்னால் இருக்கும் வெறுங்குழியைப் பாருங்கள். ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகிறோம். கை காலியானதும் அடுத்த குழி வெறுமையாக இருந்தால், அதைத் தடவிவிட்டு அதற்கடுத்ததை மொத்தமாக அள்ளலாம். எங்கிருந்து தொடங்கினால் சரியாக அங்கே கை காலியாகும் என்று கண்ணாலேயே கணக்குப் போட வேண்டும். விரலால் தொட்டு எண்ணக் கூடாது. அள்ளியது மடிக்கு வந்தால்தான் உங்களுடையது.

இரண்டாவது, ஒரே குழியில் குவித்து வைக்காதீர்கள். எதிராளிக்கு இலை போட்டுப் பரிமாறுகிற வேலை அது.

இதற்கு ஓர் உதாரணம் தேவைப்பட்டது. விஜிதரனையும் தனுஜாவையும் உண்டாக்கினேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

3

விஜிதரனுக்குக் கினிகத்தேனையில் பலசரக்குக் கடையில் வேலை. மனைவி தனுஜா பூண்டுலோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். ஞாயிறு காலை அவள் குடியிருக்கும் லயத்து வீட்டுக்கு வருவான், மாலை பஸ்ஸில் போய்விடுவான். வாரத்தில் ஒரு பகல்தான் குடும்பம். அவள் தன்னோடு வந்துவிட வேண்டும் என்பது அவன் ஆசை. அவன் தோட்டத்துக்கே திரும்பிவிட வேண்டும் என்பது அவள் ஆசை. முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை. பல்லாங்குழி சொல்லட்டும் என்று விட்டார்கள். ஜெயிப்பவர் இடத்தில் குடித்தனம்.

கிருஷாந்தி என் முதுகுக்குப் பின்னால் நின்று இதைப் படித்தாள்.

"ஏங்க, எங்க குடியிருக்கிறதுன்னு யாராச்சும் புளியங்கொட்டைய வச்சு முடிவெடுப்பாங்களா?"

"கதையில எடுப்பாங்க."

"அப்ப அந்தப் புள்ளைய நல்லா ஆட விடுங்க. ஒங்கள மாதிரி ஆட விட்டுறாதீங்க."

4

பலகைக்குப் பதில் கடையிலிருந்து அவன் கொண்டுவந்த முட்டைத் தட்டு. அதில் வரிசைக்கு ஆறு குழிதான். ஏழாவதை இன்னொரு தட்டிலிருந்து வெட்டி நூலால் தைத்திருந்தான்.

ஆட்டம் கடைசிக்கு வந்தது. விஜிதரன் இரண்டாவது தந்திரத்தை மறந்து ஒரு குழியில் குவித்து வைத்திருந்தான். அந்தக் குவியல் யாருக்கோ அவருக்கே ஆட்டம். அதற்கு முன்குழி வெறுமை.

[தனுஜாவின் கண்கள் மின்னின... பொய். அவள் தலையைச் சொறிந்துகொண்டாள்.]

சரியான குழியை எடுத்தாள். ஒவ்வொன்றாகப் போட்டாள். கை காலியாயிற்று, வெறுங்குழியைத் தடவினாள், குவியலை அப்படியே அள்ளினாள். கை நிறைந்தது. கை நிறைந்தால் கொழுந்து பறிப்பவள் என்ன செய்வாள்? தோளுக்குப் பின்னால் வீசினாள்.

முதுகில் கூடை இல்லை.*

சுவரில் பட்டு, விறகிலும் கட்டிலுக்கடியிலும் சிதறின கொட்டைகள்.

(* இது கற்பனை இல்லை. கிருஷாந்தியும் கொழுந்து பறிப்பவள்தான். வீட்டுத் தோட்டத்தில் பச்சை மிளகாய் பறிக்கும்போது கை நிறைந்ததும் இப்படித்தான் வீசினாள். பின்னால் நின்றது நான்.)

5

மடிக்கு வரவில்லை. விஜிதரன் அதை ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆட்டம் அவனுக்கு.

முடிவு அ. "மடியில விழலையே" என்றான். தனுஜா துணிமணிகளை மடித்து... [நிறுத்திவிட்டேன். கினிகத்தேனைக் கடையில் அவள் பருப்புப் பொட்டலத்தைப் பின்னால் வீசுகிற இடம்வரை போனேன். முதலில் சிரிப்பு வந்தது, பிறகு மனசு கேட்கவில்லை.]

முடிவு ஆ. "நீதான் ஜெயிச்ச" என்று விட்டுக்கொடுத்தான்.

"அவன் விட்டுக்குடுத்து இவ ஜெயிச்சா அவளுக்குத் தூக்கம் வருமா?" என்றாள் கிருஷாந்தி. அதையும் வெட்டினேன்.

6

என்னைக் கேட்காமல் அவர்கள் செய்தது இது.

"கூடைய எங்க வச்சுட்டு வந்த?" என்றான் அவன். அவள் தன் வெறுங்கையைப் பார்த்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, இருவருக்கும். போன் வெளிச்சத்தில் முட்டிபோட்டுக் கட்டிலுக்கடியில் நுழைந்தார்கள்.

"இந்தா, ஒன்னு கெடச்சிருச்சு."

"ஐயோ, அது எலிப் புழுக்கைங்க!"

தலையோடு தலை முட்டிக்கொண்டது. அந்நேரம் வளைவில் மாலை பஸ் ஹார்ன் அடித்தது. இருவருக்கும் கேட்டது. விஜிதரன் அசையவில்லை.

"இன்னும் கெடக்கும், நல்லாத் தேடுங்க" என்றாள் தனுஜா.

அவர்களை வெளியே எழுப்பிக் கூட்டிவர எனக்கு மனமில்லை, எனக்கு அந்த இருவரையும் அவ்வளவு பிடித்துப்போயிற்று. கட்டுரை கேட்டவர்கள் மன்னிக்கட்டும். பின்னால் விழுந்தது கணக்கில் சேருமா, சேராதா? தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள். ஆனால் அவசரமில்லை, அடுத்த பஸ் காலையில்தான்.