அமுதத்தை அழைக்கப் போனவர்

1

இந்தக் கதையை எனக்குத் தந்தவள் செலின். எங்கள் தீவில், பத்துபஸ்தியில், என் பக்கத்து வீட்டுக்காரி. ஒரு ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து வரும்போது, சாமியார் பிரசங்கத்தில் சொன்ன பைபிள் தீர்க்கதரிசி ஓசேயாவைப் பற்றிப் பேச்சு வந்தது. விட்டுப்போன மனைவியை மறுபடி நேசிக்கும்படி கடவுள் அவருக்குக் கட்டளையிட்டாராம். தம்மை மறந்த ஜனத்தின்மேல் கடவுளின் அன்பும் அப்படித்தானாம்.

"எங்க அப்பாவுக்கு யாரும் கட்டளை போடல," என்றாள் செலின்.

2

'அடைக்கலசாமி ஒரு புனிதர்.'

[எழுதிய இந்த வரியை அடித்துவிட்டேன். செலினின் அப்பா சாத்தம் மர மில்லில் வேலை செய்த முன்கோபக்காரர்.]

1962இல் அவர் மனைவி அமுதம், படகுத்துறையில் பழக்கமான ஒருவனோடு எதிர்க்கரை பாம்பூஃப்ளாட்டுக்குப் போய்விட்டாள். சில மாதங்களில் அவன் அவளை விட்டுவிட்டு மெயின்லேண்டுக்குக் கப்பலேறினான். அவள் அங்கேயே தனியாக இருந்தாள்.

அடைக்கலசாமி ஞாயிறுதோறும் ஃபெரி ஏறிப் போய்க் கதவைத் தட்டுவார். அவள் திறக்கமாட்டாள். கொண்டுபோன சோற்றை வாசலில் வைத்துவிட்டுத் திரும்புவார். மில்லில் அவரை ஹிந்தியில் 'பாகல்' என்றே கூப்பிட்டார்கள். பைத்தியம்.

3

'அமுதம் அழுதுகொண்டே கதவைத் திறந்து அவர் காலில்…'

[இல்லை. அவள் அழுதால் நாம் அவளைச் சுலபமாக மன்னித்துவிடுவோம். அம்மாவுக்குக் கோபம்தான் வந்தது என்கிறாள் செலின்.]

ஒரு மழை நாளில் கதவைத் திறந்தாள்.

"எதுக்கு வர்றீங்க? ஊரே சிரிக்குது."

"வீட்டுக்கு வா."

"நான் மறுபடி போயிட்டா?"

அவர் திரும்பித் துறையில் நின்ற ஃபெரியைப் பார்த்தாராம். அது எனக்குப் பிடித்திருக்கிறது, உண்மையாகவே யோசித்திருக்கிறார்.

"ஃபெரி ஓடுதுல்ல," என்றார். "மறுபடி வருவேன்."

அவள் அவரோடு புறப்பட்டாள். சாத்தத்தில் இறங்கியபோது படகுத்துறையே திரும்பிப் பார்த்தது. வழக்கமாக முன்னால் நடப்பவர், அன்று அவள் பக்கத்திலேயே நடந்தார்.

4

இங்கேயே முடித்துச் செலினுக்கு வாசித்துக் காட்டினேன். மீன் கழுவிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அம்மா மறுபடியும் போனாங்க."

"அப்பா?"

"அவரும் பின்னாலேயே போனாரு, கூப்பிட."

[கதை கெட்டுவிட்டதா, இப்போதுதான் தொடங்குகிறதா? எனக்குத் தெரியவில்லை.]

அவளைத் தேடிப் போவதைக் கடைசியில் எப்போது விட்டுவிட்டார் என்று கேட்டேன். செலின் கையை நிறுத்தி, நான் ஏதோ புரியாத பாஷை பேசியதுபோல் பார்த்தாள்.

"விடுறதா?" என்றாள்.

அவர் பக்கம் எழுத இதற்குமேல் எதுவும் இல்லை. அமுதத்தின் பக்கம் மட்டும் காலியாக இருக்கிறது. அதை நான் எழுதப்போவதில்லை. இப்படித் தேடப்பட்டவர் என்ன செய்வார் என்று, உங்களுக்குத் தெரிந்தால், நீங்கள் எழுதுங்கள்.