நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி

எங்கள் வீட்டுக்கு ஏறும் கடைசி மேட்டை என் மனைவி யெலிகா பனிக்காலத்தில் ரிவர்ஸில்தான் ஏறுவாள். பழைய வண்டி, முன்சக்கரம் மட்டும் இழுக்கும். நேராக ஏறினால் பாதி மேட்டில் சக்கரம் வெறுமனே சுற்றும். திருப்பிப் போட்டுப் பின்பக்கமாக ஏற்றினால் வண்டியின் கனம் இழுக்கிற சக்கரத்தின் மேல் உட்காரும், எப்படியோ வந்து சேர்ந்துவிடும். கழுத்தைத் திருப்பிக்கொண்டு, எஞ்சின் அலற அலற அவள் வீடு திரும்புவதை மொத்தத் தெருவும் ஜன்னல் திரையை விலக்கி வேடிக்கை பார்க்கும். நான் வாளி நிறைய அடுப்புச் சாம்பலோடு மேட்டில் நின்று, சக்கரம் வழுக்காமல் இருக்க இறைத்துக்கொண்டிருப்பேன்.

யெலிகா கால்நடை டாக்டர். டுர்மிடோர் மலையைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் குடியிருப்புகளில் எந்த மாட்டுக்கு வலி எடுத்தாலும் எங்கள் வீட்டுப் போன்தான் அடிக்கும். நான் டவுன் பேக்கரியில் ரொட்டி சுடுகிறவன். மதியத்தோடு வேலை முடிந்துவிடும். அதற்கப்புறம் என் வேலை அவளை நினைத்துப் பயப்படுவது. அதை மட்டும் ஒரு நாளும் லீவு போடாமல் செய்து வருகிறேன்.

அந்தப் பழைய வண்டியிடம் ஒரே ஒரு நல்ல குணம் உண்டு. அது மறுத்துவிடும். பாலம் தாண்டி மலைப்பாதை தொடங்கும் இடத்தில் பனி இறுகிக் கிடந்தால், அங்கேயே சக்கரம் வழுக்கும். யெலிகா இறங்கிப் பார்ப்பாள், உதட்டைக் கடிப்பாள், போனை எடுத்து "ஏறலைங்க, மன்னிச்சுக்கங்க" என்பாள், திரும்பி வருவாள். வண்டி ஏறவில்லை என்றால் யார் என்ன சொல்ல முடியும்? அந்த நாட்களில் நான் வண்டியின் பானட்டைத் தட்டிக் கொடுத்ததுண்டு.

டிசம்பர் தொடக்கத்தில் வுகோட்டா வந்தான். எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன். அப்படி நின்றவனை நாங்கள் கூம் என்போம். உடன்பிறந்தவனிடம்கூட முடியாது என்று சொல்லிவிடலாம், கூமிடம் சொல்ல முடியாது. கீழே நிக்‌ஷிச் நகரில் பழைய கார் வாங்கி விற்கிறான். பனிக்காலம் முழுக்க மேலே மலையில், போட்கோராவில் குதிரைகளோடு இருப்பான். வாசலில் நின்றுகொண்டு ஹாரனை அழுத்தினான்.

"டேய் கூமே, வெளிய வந்து பாருடா! இதான் வண்டி!"

பச்சை நிறத்தில், அகலமாக, கொஞ்சம் திமிராகவே நின்றது.

"இதுல லிவர் கிடையாது, பட்டன் கிடையாது. நாலு சக்கரமும் எப்பவும் இழுக்கும். நீ தூங்கிட்டாக்கூட அது இழுத்துக்கிட்டுப் போகும்."

"பெட்ரோல் எவ்வளவு குடிக்கும்?" என்றேன்.

"உன்னைவிடக் கம்மியாத்தான் குடிக்கும்."

"டயர் தேஞ்சிருக்கே."

"நாலும் இழுக்குதுன்னு சொல்றேன், இவன் டயரைப் பத்திக் கேக்கறான்! தங்கச்சி, இவனுக்கு நீதான் புரிய வைக்கணும். ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க. பிடிக்கலன்னா சாவியக் கொடுத்துடுங்க. நான் எதுக்குச் சொல்றேன்னா, பிப்ரவரியில என் ஸோர்கா குட்டி போடப் போறா. அன்னைக்கு வண்டி ஏறலைன்னு சொல்லக் கூடாது பாரு."

ஸோர்கா அவனுடைய குதிரை. பெண்டாட்டி பெயரைவிட அந்தப் பெயரைத்தான் அதிகம் சொல்வான்.

மறுநாள் காலை எங்கள் வாசலில் கூட்டம். ஒருத்தர் சக்கரத்தை உதைத்துப் பார்த்தார். இன்னொருத்தி ஒரு கட்டி பாலாடைக்கட்டியை என் கையில் திணித்து, "இனிமே எங்களுக்குப் பயமில்ல. எந்தப் பனியிலயும் டாக்டரம்மா வந்துடுவாங்க" என்றாள். "இன்னும் வாங்கலைம்மா" என்று யெலிகா சொன்னது யார் காதிலும் விழவில்லை.

"நீ என்ன சொல்ற ராடோயே? வாங்கலாமா?" என்று சாப்பிடும்போது கேட்டாள். சில வருடங்களாகவே குளிர் வந்தால் இந்தக் கேள்வியும் வந்துவிடும்.

நானும் வழக்கம்போல ஆரம்பித்தேன். பெட்ரோல் அதிகம் பிடிக்கும். ஒரு டயர் போனால் நாலையும் மாற்றச் சொல்வார்கள். கியர்பெட்டியில் ஏதாவது வந்தால் பார்க்க இங்கே ஆள் கிடையாது. எல்லாம் உண்மை. ஆனால் எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. எனக்கிருந்த பயம் ஒன்றே ஒன்று. இந்த வண்டி அவளை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய்விடும். போன இடத்திலிருந்து திருப்பிக் கொண்டுவருமா என்று எனக்குத் தெரியாது. அவளும் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, இதற்காகக் கேட்கவில்லை என்பதுபோல ஸ்பூனைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரக் கடைசியில் பனி கொட்டியது. மதியம் போன் வந்தது. மலைமேல் தனியாக இருக்கும் விடோசாவா. மாட்டுக்குக் கன்று குறுக்கே நின்றுவிட்டது. யெலிகா கோட்டை மாட்டுவதற்குள் நான் போய் முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

"நீ எதுக்கு வர்ற?"

"வண்டியப் பரிசோதிக்க."

"உனக்கு ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது."

"பக்கத்துல உக்காந்து பயப்படறதுக்கு லைசென்ஸ் எதுக்கு?" என்றேன்.

பாலம் வந்தது. பழைய வண்டி மறுக்கிற இடம் வந்தது. நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். பச்சை வண்டி அங்கே ஒரு இடம் இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. மாவில் கத்தி இறங்குவது மாதிரி பனியை அறுத்துக்கொண்டு ஏறியது. ஒரு திணறல் இல்லை, ஒரு உதறல் இல்லை. யெலிகாவின் தோள்கள் மெல்லத் தளர்ந்தன. மூன்றாவது வளைவில் பாட்டு முணுமுணுக்க ஆரம்பித்தாள். நான் கைப்பிடியை விடவில்லை.

கன்று உயிரோடு வந்தது. விடோசாவா அழுதுகொண்டே எங்களுக்குச் சூடாகச் சோள மாவில் காச்சமாக் களி கிண்டிப் போட்டாள். எனக்கு ராக்கியாச் சாராயமும் ஊற்றினாள். யெலிகா கையைக் கழுவிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் வண்டியை வாங்கியாகிவிட்டது என்று எழுதியிருந்தது.

இறங்கும்போதுதான் நடந்தது. ஆற்றுக்கு மேலே வலதுபக்கம் திரும்பும் வளைவு. அவள் ஒன்றும் வேகமாக வரவில்லை. பிரேக்கை மிதித்தாள். வண்டி நிற்கவில்லை. சக்கரம் நின்றுவிட்டது, வண்டி மட்டும் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. சத்தமே இல்லாமல், அவசரமே இல்லாமல் ஓரத்தை நோக்கிப் போனோம். "யெலிகா" என்றேன். பனி அள்ளுகிறவர்கள் ஓரத்தில் குவித்து வைத்திருந்த மேட்டில் மூக்கு புதைந்து நின்றது. எனக்கு எதிரே கண்ணாடியில் பாதி பனி, மீதி வெறும் வானம்.

இருவரும் அசையவில்லை. ஹீட்டர் மட்டும் ஓடியது.

"ஏறும்போது இந்த ரோடு இவ்வளவு மோசம்னு எனக்குத் தெரியவே இல்ல" என்றாள். கை இன்னும் ஸ்டியரிங்கில்தான் இருந்தது. "நம்ம பழைய வண்டி கீழேயே சொல்லியிருக்கும். இது ஒண்ணுமே சொல்லல."

எனக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? ஏறுவதற்குத்தான் நாலு சக்கரம் இழுக்கிறது, நிற்பதற்கு எல்லா வண்டிக்கும் அதே ரப்பர்தான். இவ்வளவு காலமாக நான் தேடிய காரணம் மடியில் வந்து விழுந்திருந்தது. வாயைத் திறந்தேன்.

அவள் முந்திக்கொண்டாள். "ராடோயே, உன்கிட்ட ஒண்ணு சொல்றேன், சிரிக்காத. பாலத்துக்கிட்ட அந்த வண்டி வழுக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள்ள அப்பாடான்னு இருக்கும். எனக்குப் பயம்டா. ரொம்பப் பயம். வண்டி ஏறலன்னா நான் போகலைன்னு ஆகாது பாரு. இத வாங்கிட்டா என்ன சொல்லித் தப்பிப்பேன்? நீ வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுவியான்னு ஒவ்வொரு வருஷமும் கேட்டேன். நீ பெட்ரோல் கணக்குச் சொன்ன."

சிரிக்கவில்லை. அழுகைதான் வந்தது. வீட்டில் நான் ஒருத்தன்தான் பயந்துகொண்டிருக்கிறேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவளுடைய பயத்துக்கு எங்கள் வீட்டில் உட்கார இடமே இருந்திருக்கவில்லை.

"அப்போ திருப்பிக் கொடுத்துடலாம்" என்றேன்.

"அந்தக் கன்னுக்குட்டி?" என்றாள்.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மூக்கை விடுவித்துப் பனியை அள்ளிப் போடும்போதுதான் அது தோன்றியது. ஜன்னல் பக்கம் வந்து சொன்னேன்.

"வாங்கு. முதல்ல நாலு நல்ல பனி டயர் போடு. பாலத்துக்கிட்ட வந்தா நீயே இறங்கி, நடந்து பார்த்துச் சொல்லு, போகலாமா கூடாதான்னு. கூடாதுன்னா, ரோடுன்னு சொல்லாத, வண்டின்னு சொல்லாத. புருஷன் விடமாட்டேங்கறான்னு சொல்லு."

"ஊரே உன்னைக் காறித் துப்பும். பெண்டாட்டியைப் பூட்டி வைக்கிறவன்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டும்."

வாங்கினோம். டயரும் மாற்றினோம். ஜனவரி முழுக்க அவள் போனாள், வந்தாள். ரிவர்ஸில் ஏறுகிற வேடிக்கை போனதில் தெருவுக்குத்தான் கொஞ்சம் வருத்தம். பாலத்தில் அவள் இறங்கிப் பூட்ஸால் தரையைத் தேய்த்துப் பார்ப்பதை நான் பார்த்ததில்லை, ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்த நேரத்துக்குப் போன் பண்ணுவாள். "டயர் பிடிக்குது" என்பாள். நான் மூச்சு விடுவேன். ஒருமுறையும் என் பெயரைச் சொல்ல வேண்டி வரவில்லை.

பிப்ரவரியில் ஒரு நாள் பனிக்குப் பதில் மழை பெய்தது. விழுந்த இடத்திலேயே உறைகிற மழை. முற்றத்தில் கொடிக்கம்பி விரல் தடிமனுக்குப் பளபளத்தது. மதியம் போன் அடித்தது. யெலிகா எடுத்தாள். வுகோட்டாவின் குரல் எனக்கே கேட்டது.

"தங்கச்சி, ஸோர்காவுக்கு ஆரம்பிச்சிடுச்சு. ஒரு கால்தான் வெளிய வந்திருக்கு. சீக்கிரம் வா!"

அவள் போனை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனாள். பாலம்வரை போக வேண்டியிருக்கவில்லை. எங்கள் வாசலிலேயே பூட்ஸைத் தேய்த்துப் பார்த்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். முகம் வெளுத்திருந்தது. தலையை லேசாக ஆட்டினாள். கூடாது.

கூம் என்று பார்க்காமல் போனை எடுத்தேன்.

"வுகோட்டா, அவ வரல. நான் விடல."

"என்னது?"

"நான்தான் விடல. இந்த ரோட்டுல என் பெண்டாட்டியை அனுப்ப மாட்டேன்."

"நீ ஒரு மனுஷனாடா? இதுக்குத்தானேடா அந்த வண்டியைக் கொடுத்தேன்! நாலும் இழுக்கும்டா!"

"அப்போ உன் வண்டில இறங்கி வந்து கூட்டிட்டுப் போ. அதுவும் நாலும் இழுக்கிறதுதானே."

"உனக்கென்ன பைத்தியமா? இங்க ரோடு முழுக்கக் கண்ணாடியாக் கிடக்கு, எவன் இறங்குவான்!"

சொல்லிவிட்டு அவனே நின்றுவிட்டான். பின்னால் குதிரை முனகியது.

"கோழை" என்றான் கடைசியில். "என் கூம்னு சொல்லிக்கிட்டு இனிமே என் முகத்துல முழிக்காத."

"சரி" என்றேன். "திட்டறத அப்புறம் வெச்சுக்க. யெலிகா சொல்றதைக் கேளு."

அவள் போனை வாங்கிக்கொண்டாள். முழங்கைவரை சோப்புப் போடச் சொன்னாள், வலி விடும்போது மட்டும் குட்டியை உள்ளே தள்ளச் சொன்னாள், மடங்கிய காலைத் தேடச் சொன்னாள். "அழாதீங்க அண்ணா, தேடுங்க, முட்டி தட்டுப்படும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒரு கை போனில், மறு கை என் சட்டையைப் பிடித்திருந்தது. வெளியே பச்சை வண்டி கண்ணாடி உறை போட்ட மாதிரி நின்றது.

குதிரை பிழைத்தது. குட்டி பிழைக்கவில்லை. யெலிகா போனை வைத்தாள்.

"போயிருந்தா பிழைச்சிருக்கும்" என்றாள்.

"நான்தானே விடல" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், சட்டையை விடவில்லை. மறுநாள் பேக்கரியில் என்னிடம் ரொட்டி வாங்கியவர்களில் பாதிப்பேர் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் எல்லோருக்கும் சூடானதாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன்.